ஹார்ன் சுவிட்சும் எட்டு வருஷக் குடித்தனமும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலை. தங்கச்சி வளைகாப்புக்குப் பாட்டு போடணும்.

உத்திரமேரூர் பக்கத்துல மைக் செட் கடை வெச்சிருக்கேன் மக்களே. சுத்துவட்டாரத்துல எந்த விசேஷம்னாலும் நான்தான். சவுண்டு விஷயத்துல என்னை அசைக்க ஆளே கிடையாது!

என் பொண்டாட்டி செல்வி அசைச்சிட்டா.

போன வாரம் அவகிட்ட பெருமையா, "நம்ம குடித்தனத்துல உனக்கு ஒரு கொறயும் இல்லல்ல?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"கோச்சிக்காதீங்க. கல்யாணமாயி எட்டு வருஷம் ஆவுது. ஒரு வாட்டி கூட எனக்கு உச்சம்னு ஒண்ணு வந்ததே இல்ல."

"இன்னாது? அப்போ அந்தச் சத்தமெல்லாம்?"

"நீங்க சீக்கிரம் தூங்கணும்னுதான்."

சவுண்டு எக்ஸ்பர்ட்டாம் நான்!

அப்புறம் ஒரு லேடி டாக்டர் பேச்சை என் போனுக்கு அனுப்புனா. "இத முழுசா கேட்டுட்டு என் பக்கத்துல வாங்க. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, மானம் பூடும்."

கேக்க வெக்கமா இருந்துச்சி. அதனால ஒரு வாரமா கூடத்துலதான் என் பாய்.

நேத்து வளையல் போட்டு முடிச்சி பந்தி ஆரம்பிச்சிது. எல்லார் கவனமும் இலை மேல. இதான் சமயம்னு முடிவு பண்ணேன். போன் ஏற்கெனவே பாட்டுக்காக சவுண்டு மிக்சர்ல மாட்டியிருந்துச்சி. பந்தல்ல இருந்த ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டையும் ஆஃப் பண்ணேன். மிக்சர்ல ஹெட்போனைச் சொருகி, டாக்டரம்மாவை ஓட விட்டேன்.

தென்ன மரத்து உச்சியில கட்டுன ஹார்ன் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர். அடுத்த ஊருக்கும் கேக்கணும்னு நானே ஃபுல்லா வெச்சது. அந்த சுவிட்சை மட்டும் மறந்துட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? காது ரெண்டையும் மூடிட்டேனே!

டாக்டரம்மா பொறுமையா சொல்றாங்க. "கிளிட்டோரிஸ்ங்கறது பெண்ணோட இன்பத்துக்குன்னே இருக்கற உறுப்பு. வெளிய தெரியறது சின்ன நுனிதான், மீதி உள்ள பரவி இருக்கு. நிறைய பெண்களுக்கு வெறும் உடலுறவுல மட்டும் உச்சம் வராது. அந்த இடத்துல தொடுதல் வேணும், நேரம் வேணும். எது பிடிக்குதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க."

"அடப்பாவி! எட்டு வருஷமா அட்ரஸே தெரியாம சுத்திக்கினு இருந்தேனா!"ன்னு வாய்விட்டுக் கத்திட்டேன்.

நிமிந்து பாத்தா மொத்தப் பந்தியும் என்னையே பாக்குது. எவ்ளோ கவனமா வேலை செய்யறான்னு மெச்சறாங்க போலன்னு நினைச்சி ஒரு சிரிப்பு வேற சிரிச்சி வெச்சேன். மாமா சாம்பார் வாளியோட அப்படியே நிக்கறாரு. ஒருத்தர் இலையில சாம்பார் நிரம்பி மடியில ஓடுது.

ஹெட்போனைக் கழட்டினேன்.

தென்ன மரம் பேசிக்கினு இருந்துச்சி. "ஆண்கள் அவசரப்படக் கூடாது..."

பாய்ஞ்சி போய் ஆஃப் பண்ணேன்.

"இன்னாடா இது! நல்ல காரியம் நடக்கற எடத்துல அசிங்கம் பண்ணிக்கினு!"ன்னு மாமா குதிச்சாரு.

என் சின்னம்மா விடல. "இதுல இன்னா அசிங்கத்தக் கண்ட? வளைகாப்புல வந்து நின்னுக்கினு, கொயந்த என்னமோ கூரியர்ல வர்ற மாரி பேசற! டேய், நீ ஏண்டா நிறுத்துன? மீதியப் போடு!"

பொம்பளைங்க பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பு. ஆம்பளைங்க எல்லாம் குனிஞ்சி இலையில எதையோ தேடிக்கினு இருந்தாங்க. அவங்ககிட்டயும் அட்ரஸ் இல்ல போல.

எனக்கு பயமெல்லாம் செல்விய நெனச்சிதான். மானம் பூடும்னு சொன்னவ. பந்தியில இருந்து எழுந்து நேரா என்கிட்ட வர்றா. இனிமே ஆயுசுக்கும் கூடத்துலதான்னு முடிவு பண்ணிட்டேன்.

கிட்ட வந்தா. என் கழுத்துல தொங்குன ஹெட்போனைப் பாத்தா. மெதுவா கேட்டா.

"ஊருக்கே கேட்டுச்சி. உங்களுக்குக் கேட்டுச்சா?"