எலி மூளைக்கு டச்சப்

எலியின் மூளைக்கு டச்சப் செய்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஸ்டுடியோ அண்ணாச்சி.

அப்போது நான் மும்பையில், சயான் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். பக்கவாதம் வந்த எலிகளுக்குப் புது மருந்து கொடுத்து, மூளையில் சேதமான செல்கள் குறைகின்றனவா என்று பார்க்கும் வேலை. மூளையைச் சீவல் சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் படமெடுத்தால், கறுப்புப் பின்னணியில் சேதமான செல்கள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். அவற்றை எண்ணுவது சாஃப்ட்வேர். ஆனால் ஒவ்வொரு படமும் யானை சைஸ். அப்படியே கொடுத்தால் சாஃப்ட்வேர் மூச்சுமுட்டிப் படுத்துவிடும். படங்களை நேராக்கி, ஒரே அளவுக்குச் சுருக்கிக் கொடுக்கத்தான் அண்ணாச்சியை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

தாராவியில் அவருக்குச் சொந்தமாகப் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. செல்போன் வந்து வியாபாரம் படுத்ததும் இங்கே வந்து சேர்ந்தார். ஆள்தான் வந்தார், புத்தி ஸ்டுடியோவிலேயே இருந்தது.

"பாஸ்போர்ட் சைஸா, கேபினெட் சைஸா?" என்றுதான் கேட்பார்.

எங்கள் புரொபசர் மராத்திக்காரர். ஒருநாள் அவசரத்தில், அகலத்தை மட்டும் குறைத்தால் போதும் என்றார். அண்ணாச்சி பதறிவிட்டார்.

"நை சாப்! சேரா பிகட் ஜாயேகா!" என்று அவரிடம் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "முகம் கோணிரும்லா டாக்டரம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"நான் இன்னும் டாக்டர் ஆகலை அண்ணாச்சி."

"ஆவீங்க. இப்பமே கூப்பிட்டுப் பழகுதேன்."

ஆய்வுக்குழு என் முடிவுகளைப் பார்த்து, பட்டமா வீடா என்று தீர்மானிக்கும் வாரம் வந்தது. சாஃப்ட்வேரை ஓட்டினேன். சேதமான செல் ஒன்றுகூட இல்லை! புரொபசர் சந்தோஷத்தில் பேடா வாங்க ஆள் அனுப்பினார். பேடா வருவதற்குள் நான் அடுத்த பக்கத்தைப் பார்த்துவிட்டேன். மருந்தே கொடுக்காமல் உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்த எலிகளுக்கும் பூரண குணம்.

அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"படத்துல இருந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் எங்கே அண்ணாச்சி?"

"அம்புட்டையும் தொடைச்சாச்சு. பூரா ஃபங்கஸ்! பூஞ்ச புடிச்ச படத்த யாரு கையில வாங்குவா? ஒவ்வொண்ணா உக்காந்து எடுத்தேன், கண்ணு பூத்துப்போச்சு."

"ஐயோ, அதுதான் செல்லு! அதை எண்ணத்தானே இத்தனை வருஷமா உயிரைக் கொடுத்திண்டிருக்கேன்!"

மறுபடி படமெடுக்கவும் வழியில்லை. மூளைச் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளில் சாயம் மங்கிப்போயிருந்தது. கம்ப்யூட்டரில் இடமில்லை என்று, சுருக்கியதும் மூலப் படங்களை அழித்துவிடும்படி புரொபசர் உத்தரவே போட்டிருந்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. சாப்பாட்டுப் பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்தார்.

"அழாதிய. நெகட்டிவ் இருக்கு."

"அழிக்கச் சொன்னாரே?"

"சொன்னாரு. ஆனா எலி அம்புட்டும் செத்துப்போச்சுல்லா? செத்தவங்க நெகட்டிவ எந்த ஸ்டுடியோக்காரனாவது அழிப்பானா? என்னைக்காவது வீட்டுக்காரங்க, பெருசு பண்ணி மாட்டணும்னு வந்து நிப்பாங்க."

அந்த எலிகளின் வீட்டுக்காரி நான் ஒருத்திதான். வந்து நின்றேன். போன உயிர் திரும்பி வந்தது.

எல்லாப் படங்களையும் இருவரும் உட்கார்ந்து மறுபடி சுருக்கினோம். அண்ணாச்சி ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கை துறுதுறுத்தபோதெல்லாம் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார். மருந்து அற்புதம் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஏதோ கொஞ்சம் கேட்டிருந்தது. பட்டம் வாங்க அது போதுமாக இருந்தது.

அண்ணாச்சி இப்போது ஸ்டுடியோவை மறுபடி திறந்துவிட்டார். நான் வாஷியில் இருக்கிறேன். எங்கள் கட்டிடத்துக்குக் கீழேயே போட்டோ கடை இருக்கிறது. ஆனாலும் பாஸ்போர்ட் போட்டோ வேண்டுமென்றால் ரயில் மாறி தாராவிக்குத்தான் போகிறேன். என் முகத்தை வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வருவதில்லை.