வெள்ளைப் பூனைக்கு மஞ்சள் காப்பு

ஸ்னோவி மறுபடியும் சொறியத் தொடங்கியது. குகன் கடிகாரத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பூனையைப் பார்க்கத்தான் துணிவில்லை. அவன் மணக்க விரும்பிய ஜூலியானாவின் அப்பா ரேமண்ட், ஈப்போவுக்குப் புறப்படுமுன் தம் செல்லப் பூனையை அவன் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார். மாலையில் வந்து பூனையை வாங்கிக்கொள்வார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்பதையும் அப்போதே சொல்வார்.

ஜுருவில் இருக்கும் அக்கா சுபாஷினியை ஃபோனில் பிடித்தான்.

"தேங்காயெண்ணெய் தடவு லா. அடங்கிடும்."

தடவினான். எண்ணெய் வாசத்துக்கு எறும்புகள் ஊர்வலமாக வந்தன. சொறிந்துகொண்டிருந்த பூனை இப்போது சுவரெல்லாம் உரசியது.

"மஞ்சத்தூள் போடு. எறும்பும் ஓடும், அரிப்பும் ஓடும். அம்மை வந்தப்ப உனக்கே அதத்தானேடா பூசினோம்."

எறும்புகள் ஓடின. பூனையின் வெள்ளை நிறமும் உடன் ஓடியது.

"அக்கா, மஞ்சளாயிருச்சு."

"துணி சோப்புப் போட்டுத் தேய்."

தேய்த்தான். மஞ்சள் சிவந்தது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தால் ஆரத்தி சிவக்கும் என்பதை எத்தனையோ விசேஷங்களில் கண்டவன்தான். சோப்பும் அதே வேலையைச் செய்யும் என்பது அன்றுதான் விளங்கியது.

அழைப்பு மணி அடித்தது. ரேமண்ட்டும் ஜூலியானாவும் நின்றார்கள்.

"தம்பி, என் பூனை எங்க?"

"இதுதான் அங்கிள்."

ரேமண்ட் குனிந்து பூனையை உற்றுப் பார்த்தார்.

"பூனைக்கு ஆரத்தி எடுத்தியா, பூனையவே ஆரத்தியாக் கரைச்சியா?"

"அரிப்புக்கு வீட்டு வைத்தியம்..."

"வாயில்லாத ஜீவன் மேல கண்டதையும் பூசுவியா? ஒரு பூனையப் பாத்துக்கத் தெரியல. என் மகள எப்படிப் பாத்துப்ப?"

ஜூலியானா பூனையைத் துண்டில் சுற்றினாள். "கிளினிக்குக்குப் போய்ட்டு வந்து திட்டுங்கப்பா."

"கிளினிக்கெல்லாம் எதுக்கு? வீட்லயே பாத்துக்கலாம்" என்றார் ரேமண்ட், அவசரமாக.

மகள் கேட்கவில்லை. சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த கிளினிக் வாசலில் கார் நின்றதும், "நான் கெரேத்தாவிலயே இருக்கேன்" என்றார். அதற்கும் அவள் இணங்கவில்லை. மூவரும் உள்ளே நுழைந்தனர். முன்மேசையில் இருந்த ஷாஹிரா துண்டை விலக்கினாள், பூனையைப் பார்த்தாள், பிறகு, குகனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற ரேமண்ட்டைப் பார்த்தாள்.

"என்ன அங்கிள், போன வாரம் வேப்பிலைய அரைச்சுப் பூசி பச்சையாக் கொண்டாந்தீங்க, டாக்டர் அவ்வளவு திட்டியும் இப்ப சிவப்பாக்கிட்டீங்களா?"