மேனேஜர் வீட்டுத் தூண்டில்

தூண்டில் கம்பின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் இடத்தில் இருந்த பித்தளைக் குழல் கழலவில்லை. பிரச்சினை அவ்வளவுதான். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

நிபுணர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மனைவியிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். அவள் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். பிடித்து இழுப்பதெல்லாம் அன்றாடப் பழக்கம். குழல் அசையவில்லை. நிபுணர்தான் சோபா வரைக்கும் வந்து விழுந்தார்.

"யாரோடதுங்க இது?"

"மேனேஜரோடது."

"அப்ப இங்க ஏன் இருக்கு?"

நிபுணர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விளக்கினார். இன்சூரன்ஸ் கம்பெனியின் நஷ்டஈட்டுப் பிரிவில் அத்தனை பேர் இருக்க, மேனேஜர் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக இவர் மேசைக்கு வந்தாராம். மேனேஜருக்குக் கல்யாணத்தன்று மாமனார் கொடுத்த பரிசு இந்தக் கம்பு. மாமனாரின் அப்பா காலத்துச் சாமான். நீளவாக்கில் பிளந்த ஆறு மூங்கில் பிளாச்சுகளை ஒட்டி, பட்டு நூல் சுற்றி, வார்னிஷ் பூசியது. மெருகு போய், குழல் இறுகிக் கிடக்கிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உங்களால்தான் முடியும் என்றாராம்.

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் நேரம் வேறு. நிபுணருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நிபுணர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். காபி மெஷினையும் சுவர்க் கடிகாரத்தையும் அவர் பிரித்துப் பார்த்த பிறகு வந்தது. அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"உலோகம் சூட்டுல விரியும்," என்றார், அதற்கு ஏற்பாடு செய்ததே தான் என்பதுபோல. ஒரு வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, குழல் மூழ்கும்படி கம்பை நிறுத்தினார்.

குழல் கழன்றது. கூடவே அந்தக் காலத்துப் பசையும் கரைந்து, நூல் கட்டும் நெகிழ்ந்தது. ஆறு பிளாச்சுகளும் ஆளுக்கொரு பக்கம் விரிந்து, வாளியில் வைத்த பூங்கொத்து மாதிரி நின்றன.

மறுநாள் மேனேஜர் நிபுணரின் மேசை அருகே நின்று வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். பிரித்துப் போட்டிருப்பதாக நிபுணர் சொன்னார். பொய் இல்லை.

"பிரிச்சாச்சா? நல்லது," என்றார் மேனேஜர். "அவசரமே இல்ல. ஒருவேளை ஏதாவது ஆயிட்டாலும் மனசுல வச்சுக்காதீங்க. பழைய சாமான்தானே."

நஷ்டஈடு கேட்டு வருபவரின் மனுவைத் தள்ளுபடி செய்வதற்கு முன் நிபுணரும் இப்படித்தான் இதமாகப் பேசுவார்.

அன்று மாலை கடையிலேயே மிக வேகமான பசையை வாங்கி வந்தார். பசை விளம்பரத்தில் சொன்னதைவிட வேகமாக இருந்தது. மூன்று பிளாச்சுகள் கோணலாக ஒட்டிக்கொண்டன. நான்காவது அவருடைய இடது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. மனைவி டியூட்டி முடிந்து வந்தபோது, கணவர் கையில் கம்போடு கதவைத் திறந்தார்.

"போற இடத்துக்கெல்லாம் எடுத்துட்டே போகணுமா?" என்றாள் அவள்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து அவர் கையை மீட்டாள். வழிந்த திரவம் வார்னிஷைத் தின்று கம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக்கியது. திட்டுகளைச் சமப்படுத்த நிபுணர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்ததில் மிச்சமிருந்த பட்டு நூலும் அறுந்து தொங்கியது. நூலை விட்டுவிட்டு மிச்சப் பிளாச்சுகளையும் ஒட்டி முடித்தபோது கம்பு வில்லாக வளைந்திருந்தது.

வளைவை எடுக்க, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கம்பை வைத்து, அதில் இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டார். வளைவு கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்று பெட்டியை லேசாக அழுத்தினார்.

டக்.

மெல்லிய நுனி ஒரு சாண் அளவுக்கு ஒடிந்து தரையில் கிடந்தது.

மேனேஜர் மறுபடி விசாரித்தார். சின்ன வளைவு ஒன்று இருக்கிறது சார் என்று முனகினார் நிபுணர். மேனேஜர் அவர் தோளில் கை வைத்தார்.

"உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. யாரு பேச்சையும் கேக்காதீங்க. உங்க வழியிலயே செய்யுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரிவுத் தலைவர் ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. இது ஒரு முடிவுக்கு வரட்டும்," என்றார்.

அன்று நிபுணருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'அலட்சியமாகக் கையாண்டதால் ஏற்பட்ட சேதம்' என்று எத்தனையோ பேருடைய மனுவில் கை கூசாமல் எழுதியவர், அந்த வரிக்குக் கீழே தன் பெயர் இருப்பதைக் கண்ணால் பார்த்தார். நாற்காலி போவது இருக்கட்டும். மாமனார் கொடுத்த சாமானை உடைத்தவனை எந்த மேனேஜர் பிரிவில் வைத்திருப்பார்?

வீட்டுக்கு வந்து, ஒடிந்த நுனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நகருங்க. நான் செய்றேன்."

"உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

"இதைப் பத்தித் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும். முதல்ல கையை எடுங்க."

அதே திரவத்தில் ஊறவைத்துப் பிளாச்சுகளைப் பிரித்தாள். சுரண்டித் துடைத்து வரிசைப்படுத்தினாள். மெதுவாகக் காயும் பசை தடவி, ஆறையும் சேர்த்து, முனையிலிருந்து முனை வரை பேண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றினாள். ஒடிந்த நுனியின் இரண்டு பக்கத்தையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துக் கட்டினாள். கூடத்துத் தரையில் நேராகக் கிடத்தி, எல்லோரும் தாண்டித்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

"எலும்புன்னா என்ன, மூங்கில்னா என்ன. நேரா வச்சு, கட்டி, அசைக்காம விடணும். பார்க்க வர்றவங்க தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது. எங்க வார்டுலயும் அதான்."

நிபுணர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இந்த வேலையில் அவர் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

பேண்டேஜைப் பிரித்தபோது கம்பு நேராக இருந்தது. நூல் சுற்றி வார்னிஷ் பூசியதும் பளபளத்தது. குழல் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. நிபுணர் அதை ஒருமுறை வீசிப் பார்த்தார். காற்றில் விசில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் வீட்டுக்குப் போகும் வழியில், 'என் மனைவி செய்தது' என்பது 'நாங்கள் செய்தது' ஆகி, வாசலை அடைவதற்குள் 'நான் செய்தது' ஆகிவிட்டிருந்தது.

மேனேஜர் லுங்கியோடு கதவைத் திறந்தார். கம்பைப் பார்த்ததும் முகத்திலிருந்த தூக்கம் போயிற்று.

"சரியாயிடுச்சா?"

"முன்னைவிட பலமா இருக்கு சார். எல்லாம் நானே என் கையால..."

மேனேஜர் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து அவருடைய மாமனார் வந்துவிட்டார். கம்பை வாங்கி வளைத்தார். அது துள்ளி நிமிர்ந்தது. கிழவரின் முகமும் கூடவே நிமிர்ந்தது.

"மாப்பிள்ளை, தொப்பியை எடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள ஏரிக்குப் போயிடலாம்."

"மாமா, எனக்குத் தலை கொஞ்சம்..."

"தண்ணிக் காத்துல சரியாயிடும்."

மேனேஜர் உள்ளே போகத் திரும்பினார். நிபுணர் இதுதான் சமயம் என்று, அந்த ஃபைலைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார்.

"நேத்துதான் உங்க பேரை எழுதினேன்," என்றார் மேனேஜர், அவர் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கு வந்து கோடு போட்டு அடிச்சிடறேன்."

நிபுணர் படியிலேயே நின்றுவிட்டார். எங்கே தப்பு நடந்தது? வார்னிஷ் கூடிவிட்டதா? நூலின் நிறம் மாறிவிட்டதா? கம்பைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த ஆபீஸ் டிரைவரிடம் போய், இதில் ஏதாவது குறை தெரிகிறதா என்று கேட்டார்.

டிரைவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"வாராவாரம் மாமனாரோட அந்த ஏரியில உட்கார முடியலைன்னு, யாரு கையில குடுத்தா ஒரு பொருள் திரும்பி வரவே வராதுன்னு மேனேஜர் ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா கேட்டாரு, அத்தனை பேரும் உங்க பேரைத்தான் சார் சொன்னோம்."