நூறு அடி பிலிமில் நான் நின்ற இடம்

குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது நான் எப்போதும் ஓரமாக, கடைசி ஆளாகத்தான் நிற்பேன். எவ்வளவு பணிவு என்று புதிதாக வந்த சம்பந்திகள் புகழ்வார்கள். பணிவும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் நான் அடித்த ஒரு கூத்துக்கு இன்னும் அனுபவித்துவரும் தண்டனை அது.

அப்போது நான் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சாமியார்கள் நடத்துகிற காலேஜ், பையன் ஒழுக்கமாக இருப்பான் என்று நம்பித்தான் அப்பா என்னை மார்க்கையன்கோட்டையிலிருந்து டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே சினிமாவையே ஒரு பாடமாக வைத்திருந்தார்கள் என்பதை இரண்டு வருடம் நான் வீட்டில் மூச்சுவிடவில்லை. கடைசி வருடம் செய்முறைத் தேர்வுக்காகக் கல்லூரிக் கேமராவோடு ஊருக்கு வந்தபோது மறைக்க முடியாமல் போய்விட்டது.

"ஏலே, சாமியாருமாரு சினிமாவா சொல்லிக் குடுக்குறாக?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். பிறகு, "சரி. பாசாகலேன்னா மறு மாசமே இங்கன வந்து மம்பட்டியப் பிடிச்சிரணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. (எனக்கோ மம்பட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே சந்தேகம்.)

மாணவர் ஒருவருக்கு நூறு அடி பிலிம். மூன்று நிமிடம்கூட ஓடாது. வீணாக்கினால் வேறு கிடையாது, பெயில்தான். சினிமா வகுப்பு எடுத்த ஃபாதர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்: மக்களை அவர்கள் வாழ்கிற மாதிரியே எடுக்க வேண்டும், யாரும் கேமராவுக்காக நிற்கக் கூடாது. எங்கள் வயலில் நடக்கும் நடவை எடுப்பதாக எழுதிக் கொடுத்திருந்தேன். படத்தின் பெயர் 'சேற்றின் சங்கீதம்'. (சத்தமே பதிவாகாத கேமரா அது. மன்னித்துவிடுங்கள், இருபது வயது.)

கேமராவைக் கண்டால் எங்கள் ஊரார் விறைத்துப்போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் பிலிம் போடாமலே சும்மா ஓட்டிக்காட்டுவது. பழகிப்போய் மூன்றாம் நாள் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அன்றைக்கு நிஜமாக எடுப்பது.

முதல் நாள் வயலுக்குப் போனால், நடவுக்கு வந்த பன்னிரண்டு பெண்களும் பட்டுச்சேலையில் நிற்கிறார்கள். தலை நிறையக் கனகாம்பரம், முகத்தில் பவுடர். எல்லோருக்கும் முன்னால் மாரியம்மாள் அத்தை. அப்பாவின் தங்கை, நடவு ஆட்களுக்குத் தலைவி. சற்றுத் தள்ளி அப்பா, சலவை வேட்டியும் கைக்கடிகாரமுமாக ஏர் பிடித்து நிற்கிறார். நான் கேமராவுக்குச் சாவி கொடுத்து ஓட்டினேன். ஒருவரும் அசையவில்லை. மாடுகள்கூட (சத்தியமாக) அசையவில்லை.

"அத்தை, நாத்த நடுங்க!"

"குனிஞ்சா முகம் தெரியாதே மருமகனே" என்றார் அத்தை, உதட்டைப் பிரிக்காமல்.

இரண்டாம் நாளும் அதே கதைதான். அன்று சாயங்காலம் கேமராவைத் துடைத்துவைக்க எடுத்த அம்மா, உள்ளேயும் துடைத்துவிடலாம் என்று மூடியைத் திறந்துவிட்டார்.

"என்னலே, உள்ள ஒண்ணையும் காணோம்?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. உலையில் சோறு வேகும் முன்பே ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. அத்தை நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "கலியாணப் பட்டு மருமகனே! கரையெல்லாம் சேறு. வெறும் பொட்டிக்கா இம்புட்டும்?"

மூன்றாம் நாள் காலையில் பிலிமைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வயலுக்குப் போனேன். ஆட்கள் வருமுன் ஒரு சின்ன சோதனை ஓட்டமும் ஓட்டிக்கொண்டேன். (அதைப் பற்றி இப்போது வேண்டாம்.) பிறகு வந்தவர்கள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பழைய சேலையைத் தூக்கிச் செருகி, என்னைத் திட்டிக்கொண்டும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டும் மளமளவென்று நட்டார்கள். அப்பா அழுக்குத் துண்டோடு சேற்றில் இறங்கி நாற்றுக்கட்டு வீசினார். ஃபாதர் கேட்டது இதைத்தான். கடைசி அடி ஓடி முடிந்தபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படியே வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அப்பா, எல்லோரும் கேட்கும்படி, "மூணு நாளா வெறும் பொட்டிக்குச் சாவி குடுத்துக்கிட்டுத் திரியிறான். இதுக்கு ஒரு காலேஜு" என்றார். வயலே சிரித்தது.

"இன்னைக்குப் பிலிம் இருக்கு!" என்று கத்தினேன்.

"இருந்தாத் தொறந்து காட்டு."

வெளிச்சம் பட்டால் பிலிம் போச்சு என்பது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் ரோஷம் வந்தால் எனக்குப் படித்தது எதுவும் ஞாபகம் இருக்காது. உச்சி வெயிலில் மூடியைப் படக்கென்று திறந்தேன். அது போதாதென்று நான்கு முழம் உருவி, தலைக்கு மேலே தூக்கியும் காட்டினேன்.

அத்தை கிட்டே வந்து பார்த்தார். "ஆமாண்ணே, இருக்கு" என்று அப்பாவிடம் சாட்சி சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருந்தும் கழுவக் கொடுத்தேன். வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்க, ஃபாதர் 'சேற்றின் சங்கீதம்' என்று அறிவித்து விளக்கை அணைத்தார். திரையில் நான் வந்தேன். போடியில் வாங்கிய கூலிங்கிளாஸ், படிய வாரிய தலை, ஒரு கை இடுப்பில், இன்னொரு கை வானத்தை நோக்கி. யாருமில்லாத வயலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டு இருபது விநாடி நின்றேன். அப்புறம் வெறும் வெள்ளை. கடைசிவரை வெள்ளை.

கேமராவைத் தானாக ஓடவிட்டு, முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்ட அந்தச் சோதனை ஓட்டம்தான் அது. சுருளின் அடியில் இறுகிக் கிடந்ததால் வெயில் அதை மட்டும் விட்டுவைத்திருந்தது. கேமராவுக்காக நிற்காதீர்கள் என்று ஊரையே விரட்டியவன், கேமராவுக்காக நின்றது மட்டும் பிழைத்துக்கொண்டது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்காமல் மறுபடியும் ஓட்டச் சொன்னார்.

"உன் பின்னால் மண்வெட்டியோடு போகிறாரே, அவர் யார்?"

அதுவரை நான் கவனிக்கவே இல்லை. (என்னைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.) "எங்கப்பா, ஃபாதர்."

"அவருக்கு நாற்பது மார்க். உனக்கு ஒன்றும் கிடையாது."

நாற்பதுதான் பாஸ் மார்க். வீட்டில் பாஸ் என்று மட்டும் சொன்னேன். படத்தை யாருக்கும் காட்டவில்லை. சுருள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

அப்பா போய்ப் பல வருடம் கழித்து அக்காவின் மகன் அதைக் கண்டெடுத்து, டிவியில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்தான். வீடே கூடி உட்கார்ந்தது. தோளில் மம்பட்டியோடு, மடை திறக்க, வரப்பில் அப்பா நடந்து வருகிறார். மூன்றே விநாடி. அப்பா நடக்கிற படம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் பாதியில் என் முழங்கை அவரை மறைத்துவிடுகிறது.

அம்மா எழுந்து டிவிக்குக் கிட்டே போய், திரையில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, தள்ளி நில்லுடா! அப்பாவ மறைக்கிறியே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கேமராவை எடுத்தாலும், முதலில் என்னைப் பார்த்து, "மாமா, தள்ளி நில்லுங்க" என்று ஒரு குரல் வரும். நானும் தள்ளி நின்றுகொள்வேன்.