நயம் பாராட்டுகிறவர்

கவிதை எழுதுகிறவர்களைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். நயம்பாராட்டி என்று ஓர் இனம் இருக்கிறதே, அதனிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வரியைப் படித்ததும் கண்ணை மூடிக்கொள்வார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், "இங்கே கவனிக்கணும்..." என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு நாம் வேறெதையும் கவனிக்க முடியாது.

திருவண்ணாமலையில் இந்த இனத்தின் அசல் மாதிரி பேராசிரியர் புகழேந்தி. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஞாயிறு மாலைகளில் செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை வாசலில் உட்கார்ந்து, ஏழெட்டுப் பேருக்குப் பழைய ஆங்கிலக் கவிதைகளை விளக்குவார். அவருக்கு உயிரான கவிதை ஒன்று உண்டு. மாநகரத் தெருவில் ஓர் ஏழைப் பெண் பழம் விற்கிறாள். நீதிபதியின் குதிரை வண்டி அவள் கூடையை நசுக்கிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான். அதற்கே புகழேந்திக்கு மூன்று ஞாயிறு வேண்டும். பழம் என்பது என்ன? உழைப்பு. சக்கரம்? அரசு. குதிரை? அதை அடுத்த வாரம் பார்ப்போம். 'ஏழை' என்ற சொல் வரும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். நடிப்பில்லை, நிஜமாகவே கண் கலங்கும்.

பௌர்ணமி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையோரத்தைக் காலிசெய்ய ஓர் ஆபீசரோடு லாரி வந்தது. எதிரே வேர்க்கடலை வேகவைத்து விற்கும் மஹ்பூபாவின் தள்ளுவண்டியில் நாலு பேர் கைவைத்தார்கள். அவள் ஓடிவந்தாள்.

"சார், அந்த ஆபீசர் உங்ககிட்ட படிச்சவருன்னு சொன்னீங்களே! ஒரு வார்த்த சொல்லுங்க சார். வண்டி போச்சுன்னா எங்க பொழப்பே போச்சு."

புகழேந்திக்கு உள்ளே பற்றிக்கொண்டது. இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஆபீசர் அன்பரசன் அவரைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டார்.

"சார்! அந்த நீதிபதி வண்டிக் கவிதை, நீங்க நடத்துனது இன்னும் மனசுல அப்படியே நிக்குது சார்."

அப்படியே நிற்கிறதாம்! கேட்க வந்தது புகழேந்தியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்பரசன் முதல் வரியைச் சொன்னார். புகழேந்தி இரண்டாவது வரியைச் சொன்னார். அன்பரசன் மூன்றாவதில் தடுமாற, புகழேந்தி உச்சரிப்பைத் திருத்தினார். "குதிரைக்கு நீங்க சொன்ன விளக்கம் மாதிரி எவனும் சொல்ல முடியாது சார்." பின்னால் வண்டி லாரியில் ஏறும்போது சட்டி கவிழ்ந்து, வெந்த கடலை ஆவியோடு சாலையெங்கும் சிதறியது.

வகுப்புக்கு வந்திருந்த கவியா ஓடிவந்தாள். "சார், வண்டி போவுது சார்!"

"போவட்டும்மா. நீதிபதி இறங்கிப் பார்க்கவே மாட்டாரு. அங்கதான் கவிதையே இருக்குது!"

லாரி போய்விட்டது. கவியா மஹ்பூபாவைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, பௌர்ணமிக் கூட்டமெல்லாம் ஊர் திரும்பிய பிறகு வண்டியை மீட்டார்கள். ஒரு சக்கரம் வளைந்திருந்தது. சட்டி கிடைக்கவில்லை.

லாரி வந்த அன்று வீட்டுக்குப் போகும்போது மஹ்பூபா நிற்கும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துப் புகழேந்திக்கு நெஞ்சு உறுத்தியது. அந்த உறுத்தலுக்குப் பொருத்தமாக ஒரு சொல் தேடினார். கிடைத்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு, "அந்தக் கவிதையை இதே இடத்துல என் கண்ணால பாத்தேன்" என்று குரல் உடைந்து சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கவியா வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், மஹ்பூபா இப்போது எப்படிப் பிழைக்கிறாள் என்று கேட்கத் தோன்றுவதற்கு முன்னால், 'அந்தக் கடலை சிதறுகிற இடம் பிரமாதம்' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், ஞாயிறு மாலை செங்கம் சாலைப் பக்கம் வாருங்கள். புகழேந்திக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.