சுறாவுக்கு ஏற்ற பம்ப்

"இது உங்க தொட்டிக்குப் பத்தாது சார்" என்றார் பம்ப் கடைக்காரம்மா, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் கிறுக்கியபடி. "பதினெட்டாயிரம் லிட்டர் தண்ணி. இந்தப் பொடிசு அதை ஒருதரம் சுத்தி வடிகட்டவே பதினஞ்சு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள பாசி பிடிச்சிடும்."

"பாசி பிடிச்சா இறங்க முடியாதா?"

"இறங்கவே கூடாது."

"அப்ப இதையே குடுங்க."

பென்சில் அப்படியே நின்றது. வாங்க வந்தவர் பம்ப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்பதுபோல வெளியே நடந்தார்.

பல் செட் செய்வது அவர் தொழில். தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைச் சுறா என்பார்கள். அந்தப் பெயர் தானாக வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன் மனைவியாகப் போகிறவளோடு முதன்முதலாகப் பேச உட்கார்ந்தபோது, நாக்கு ஒட்டிக்கொண்டு வேறெதுவும் தோன்றாமல், "பன்னெண்டு வயசுலயே ஆத்தை நீந்திக் கடந்தவன் நான்" என்று அளந்துவிட்டார். "அப்படியா! எனக்கும் தண்ணின்னா உயிர்" என்று அவள் கண்ணை விரித்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

உண்மையில் அவர் வாளியில் முகம் கழுவும்போதுகூடப் பயத்தில் கண்ணை மூடமாட்டார். சைனஸ், காதுவலி, தோல் அரிப்பு என்று பதினெட்டு வருஷம் கடற்கரைப் பக்கமே தலைவைக்காமல் ஓட்டிவிட்டார். இப்போது பார்த்து மச்சான் வீடு மாறினான். புது வீட்டில் இடமில்லை என்று, இரும்புச் சட்டம் போட்ட தன் நீச்சல் தொட்டியைக் கொண்டுவந்து இவர் கொல்லையில் நிறுத்தி, தண்ணீரும் நிரப்பிவிட்டுப் போனான். "சுறா அத்தானுக்கு இல்லாம வேற யாருக்கு?"

நாலடி உயரம். பதினைந்தடி அகலம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அது நீலமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பம்ப்பும், தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் உப்புநீர்க் கருவியும் பொருத்தவேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கியில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொடிசு பம்ப் ஏமாற்றவில்லை. நாலே நாளில் தண்ணீர் பச்சையானது. ஆறாம் நாள் தவளை குடியேறியது. அவர் நிம்மதியாக இரண்டு தோசை அதிகம் சாப்பிடலாமா என்று யோசிக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"கொசு தாங்கலை. சுகாதார ஆபீஸுக்கு எழுதிப் போட்டுடட்டுமா?"

அவர் உள்ளே ஓடினார். மனைவி கோபிக்கவில்லை. "பம்ப் சின்னதுங்க. பெருசாவே வாங்கிடுங்க. எவ்வளவு பெருசு கிடைக்குதோ அவ்வளவு" என்றாள்.

பெரியது போட்டாலும் ஏதாவது பழுதாகும், அதுவும் ஒரு வழிதான் என்று அவருக்குப் பட்டது. நாலு மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரம்மா வாயைத் திறந்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டதும் தொட்டி உறுமியது. தண்ணீர் நடுவில் குழி விழுந்து சுழன்றது. அந்தச் சுழிக்குள் தன் வழுக்கைத் தலை முங்கி முங்கி எழுவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுவிட்சை அணைக்கக் கை நீட்டுவதற்குள் வடிகட்டி வெடித்தது. பிடுங்கிக்கொண்ட குழாய் பாம்பாகத் துள்ளி வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டில் காய்ந்துகொண்டிருந்த மெத்தையை நனைத்தது. பச்சைத் தண்ணீரில். தவளையோடு.

மூன்றாம் தடவையாகக் கடைக்குப் போனார். "நடுத்தரமா ஒண்ணு. கூடவே உப்புக் கருவி. அது எப்படி வேலை செய்யும்?"

"உப்புத் தண்ணியில லேசா கரண்ட் பாயும் சார். அதுல குளோரின் வரும்."

"தண்ணியில கரண்டா?" அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூட்டை உப்பு போதும். அதிகமானா சிவப்பு விளக்கு எரிஞ்சு தானா நின்னுடும்."

நின்றுவிடுமா? அவர் ஆறு மூட்டை கொட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அதைவிட அழகான விளக்கை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே மச்சான் போன் செய்தான். "அத்தான்! ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வர்றோம். என் மாமனார் வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன். சுறா நீந்தறதைப் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. கடைக்காரம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்களே நேர்ல வந்து எல்லாத்தையும் சரிபண்ணிடுவாங்க."

சனிக்கிழமை காலையில் கடைக்காரம்மா கருவிப் பெட்டியோடு வந்து இறங்கினார். பாதித் தண்ணீரை வடித்து நல்ல தண்ணீர் விட்டார். உப்பு அப்போதும் கூடுதலாக இருக்கவே, திரும்பவும் அப்படியே செய்தார். நடுத்தரப் பம்ப்பைச் சரிபார்த்து ஓடவிட்டார். மாலைக்குள் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. அடியில் விழுந்த ஒரு குண்டூசி கூடத் தெரிந்தது. அங்கே நாளை தான் கிடக்கப்போவதும் தெரிந்தது.

மனைவி அடுக்களையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கடைக்காரம்மாவின் அருகே போனார்.

"அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். எதையாவது கழட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணியைக் கண்டாலே குலை நடுங்குது. இத்தனை வருஷம் அவகிட்ட மறைச்சுட்டேன். நாளைக்குத் தெரிஞ்சா அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

கடைக்காரம்மா ஸ்பானரைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்தார். அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா வந்து வாய்ச்சீங்க சார் ரெண்டு பேரும்! நீங்க கடைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும், 'எனக்குத் தண்ணின்னா பயம், அவருக்குத் தெரியாது, உருப்படாத பம்ப்பாப் பார்த்து அவர் தலையில கட்டுங்க'ன்னு உங்க வீட்டம்மா முன்னாடியே போன் பண்ணி அழுவாங்களே!"