வட்டம் முட்டையான விவரம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தையற்கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் உங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது.

அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், உங்கள் மருமகளாகிய என் மகளும் நலமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு அடித்த பெயிண்ட் நன்றாகக் காய்ந்து வாசனையும் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதியது மனிதர்களை மட்டும் கருதி. பெயிண்ட் வேலை முடியும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய ஆள் உயர வீடியோ கேம் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி நன்றாக இருக்கிறது. இப்போது நன்றாக இருக்கிறது. இடையில் கொஞ்ச நாள் நன்றாக இல்லை. அந்தக் கொஞ்ச நாளைப் பற்றி நீங்கள் பிறர் வாயால் கேட்பதைவிட என் கையெழுத்தில் படிப்பதுதான் மரியாதை. படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து எடுத்துப் போய்விடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாண வரவேற்பில் அந்தக் கோட்டு. போனில் உங்கள் அளவைக் கேட்டேன், "மார்பு முப்பத்தெட்டு" என்றீர்கள், சம்பந்தியின் உடம்பில் டேப் வைப்பது மரியாதையா என்று யோசித்து அப்படியே வெட்டித் தைத்தேன். மேடையில் போட்டோ எடுக்கும்போது நடுப் பொத்தான் தெறித்துப் போய் போட்டோக்காரர் காலடியில் விழுந்தது. அன்று முதல் அந்தக் கோட்டைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கோட்டைப் பற்றி மட்டுமல்ல, வேறு எதைப் பற்றியுமே நாம் அதிகம் பேசவில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாளிப்பது என் மகள். இந்த நிலைமையில், கோட்டுக்குப் பிறகு நீங்கள் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் இந்தப் பெட்டி. இதையும் கெடுத்தேன் என்றால் அவள் உங்கள் வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்?

பெட்டியை ஹாலில், முன்பு என் வெட்டு மேஜை இருந்த இடத்தில், பீரோ மாதிரி நிறுத்தினோம். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. தூசி தட்டினோம். தட்டும்போது பட்டன் அமுங்கியிருக்கலாம். அதனால் ஓர் ஆட்டம், மிஞ்சிப் போனால் இரண்டு ஆட்டம் நடந்திருக்கலாம். ஆட்டத்தில் வரும் அந்தத் தபால்காரன் பையோடு ஓடுவதும், மேட்டிலிருந்து உருண்டு வரும் டயர்களைத் தாண்டி வீடு வீடாகக் கடிதம் போடுவதும் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. பெட்டியை அணைத்தாலும் அழியாத ஸ்கோர் பட்டியலில் உங்கள் பெயரின் மூன்று எழுத்து முதலிடத்தில் இருப்பதைப் பார்த்து இருவரும் பெருமைப்பட்டோம். ஒன்பதாவது நாள் காலை, என் வீட்டுக்காரி தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, படம் சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாகி, கோடு புள்ளியாகி, புள்ளியும் போய்விட்டது. அவள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடியே, "நான் ஒண்ணும் பண்ணல, தாவத்தான் சொன்னேன்" என்றாள்.

நாங்கள் டிவி டாக்டர் என்று கூப்பிடும் மெக்கானிக் வந்து பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். "பிக்சர் டியூப் போயிடுச்சு சார். இந்த டியூபெல்லாம் இப்ப யார் செய்யறா? தட்டை மானிட்டர் வாங்கிடுங்க, நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போர்டு வெச்சு இணைச்சுத் தர்றேன்" என்றார். அளவுதானே, அது நம் தொழிலாச்சே என்று டேப்பை எடுத்தேன். திரையைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பலகையின் திறப்பு: அகலம் பதினாலரை, உயரம் பத்தே முக்கால். சீட்டில் எழுதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "எத்தனை இஞ்ச் மானிட்டர் வேணும்?" என்றார். பதினாலரை என்றேன். சிரித்தார். மானிட்டரை மூலைக்கு மூலை அளப்பார்களாம். நாற்பத்தோரு வருஷம் தைத்திருக்கிறேன், மூலைக்கு மூலை அளப்பதை நான் கேள்விப்பட்டதில்லை. மனிதனை வலது தோளிலிருந்து இடது கணுக்கால் வரைக்குமா அளக்கிறோம்? கடையில் டேப்பைப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்தேன். உயரம் சரியாக இருந்தால் அகலம் பத்தொன்பதேகால், அகலம் சரியாக இருந்தால் உயரம் எட்டுதான். பழைய வாகில் இப்போது வருவதே இல்லையாம், எல்லாம் அகலம்தானாம். குறைந்தால்தானே கஷ்டம், கூடினால் உள்ளே மடித்துக்கொள்ளலாம் என்று உயரத்துக்குப் பொருத்தமாக இருபத்திரண்டு இஞ்ச் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன்.

(இதை எழுதும்போதே எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். டயர் வட்டமாகத்தான் இருக்கிறது.)

மாட்டினோம். பெட்டிக்குள் மானிட்டரின் உடம்பு நுழைந்தது, படமும் வந்தது. ஆனால் இரண்டு ஓரமும் கறுப்புப் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. இடது மூலையில் இருக்கும் ஸ்கோர் தெரியவில்லை. தபால்காரன் கடைசி வீட்டுக்குக் கடிதம் போட வலது பக்கம் போவான். பலகைக்குப் பின்னால் மறைவான். அங்கேயே டயர் அடித்துச் செத்துப்போவான். எங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும். என் வீட்டுக்காரி, "பாவம், என்ன ஆச்சுன்னு கூடத் தெரியல" என்று மூன்று நாள் புலம்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையில் கழுத்து இறுக்கினால் என்ன செய்வோம், கழுத்தை வெட்டிப் பெரிதாக்குவோம். சம்பந்தி, இந்த இடத்தை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். மெல்லிய ரம்பம் வாங்கி வந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, உங்கள் கறுப்புப் பலகையில் இடது பக்கம் இரண்டேகால் இஞ்ச், வலது பக்கம் இரண்டேகால் இஞ்ச் அறுத்து எடுத்துவிட்டேன். பிசிறில்லாமல் அறுத்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது முழுப் படமும் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் வினையே. அதுவரை மறைந்த ஓரங்களையே தேடிக்கொண்டிருந்த கண் அப்போதுதான் நடுவில் இருப்பவனைப் பார்த்தது. பார்த்தவுடனே என் வீட்டுக்காரி, "தபால்காரனுக்கு உடம்பு நல்லா தேறியிருக்கே, கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள். ஆள் இடுப்பெல்லாம் பெருத்து, பை தலையணை மாதிரி ஊதி, வீடுகள் எல்லாம் சப்பையாக உட்கார்ந்திருந்தன. டயர் முட்டையாக உருண்டது. கண்ணாடியின் மேல் டேப் வைத்து அளந்தேன்: உயரம் ஒன்றரை, அகலம் இரண்டு. முட்டை உருண்டு வந்தால் எந்த நேரத்தில் தாவுவது? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தப் பெருத்த தபால்காரனைப் பார்ப்பீர்கள், அடுத்த நிமிஷம் உங்களுக்கு அந்தக் கோட்டு ஞாபகம் வரும். வராமல் இருக்குமா? ஒல்லியாக இருந்தவனை நான் தொட்டதும் குண்டாக்கிவிட்டேன், குண்டானவருக்கு... வேண்டாம், விடுங்கள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மானிட்டருக்கு அடியில் ஐந்து பட்டன் வரிசையாக இருக்கிறது. ஒன்றை அமுக்கினால் படம் நீலமானது, இன்னொன்றை அமுக்கினால் எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பாஷைக்கு மாறியது, மூன்றாவதை அமுக்கினால் தபால்காரனுக்குத் தலையும் காலும் போய் வயிறு மட்டும் ஓடியது. குளிக்கப் போனவன் ஒரு யோசனை வந்து பாதியில் துண்டோடு ஓடி வந்து அமுக்கிப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்று கதவில் சாய்ந்து ஓரமாகப் பார்த்தால் மட்டும் டயர் வட்டமாகத் தெரிவதைக் கண்டுபிடித்தேன். உடனே பெட்டியைக் கோணலாகத் திருப்பி வைத்து, நீங்கள் வந்தால் அந்த வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் போகவிடாமல் பேச்சுக் கொடுப்பது என்று திட்டம் போட்டேன். "சம்பந்தி எட்டடி தூரத்துல உக்காந்து எப்படிங்க பட்டனை அமுக்குவாரு?" என்றாள் இவள். நல்ல கேள்விதான். நான் பெட்டியை நேராகத் திருப்பினேன், பிறகு கோணலாக, பிறகு நேராக. கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, "வீடு மாத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் எதிர்வீட்டு அம்மாதான் கை கொடுத்தார். விசேஷங்களுக்கு எடுக்கும் வீடியோவையெல்லாம் வெட்டி ஒட்டுவதுதான் அவர் வேலை. சத்தம் தாங்காமல் வந்தவர், படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "சார், இந்தப் படம் அகலம் நாலுன்னா உயரம் மூணு. நீங்க வாங்கின திரை பதினாறுக்கு ஒன்பது. இழுத்துப் பிடிச்சு நிரப்பியிருக்கு, அதான் எல்லாரும் குண்டா இருக்காங்க" என்றார். ஐந்து பட்டனில் இரண்டை மூன்று தடவை அமுக்கினார். தபால்காரன் ஒரே நொடியில் பழைய உடம்புக்கு வந்துவிட்டான். டேப்பை வைத்தேன்: ஒன்றரைக்கு ஒன்றரை. வட்டம்! ஆனால் இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகக் கறுப்பு. எனக்கு மனசு ஒப்பவில்லை. "என்னம்மா, துணி பத்தாம விட்ட மாதிரி ரெண்டு பக்கமும் வெறுமனே கிடக்குதே" என்றேன். அவர் என் டேப்பை வாங்கிப் படத்தின் குறுக்கே வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டா குடியா முழுகிடும்? இருக்கறதை இருக்கற அளவுல விடுங்க சார். இந்தக் கறுப்பு தெரியாம இருக்கணும்னா, சுத்தி ஒரு பலகை வெச்சு மறைச்சுடுங்க, அகலம் ஒரு பதினாலரை விட்டா போதும்" என்றார்.

பதினாலரை. சம்பந்தி, அந்த அம்மா அந்த எண்ணைச் சொன்னபோது என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் பால்கனியைப் பார்த்தேன். அங்கே ஆடும் பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு அண்டக் கொடுத்திருந்த இரண்டு கறுப்புப் பலகைத் துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டேகால் இஞ்ச். நான் ரம்பத்தைத் தொடாமல் அந்த இரண்டு பட்டனை மட்டும் அமுக்கியிருந்தால், உங்கள் பலகையே அந்தக் கறுப்பை மூடியிருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எதை அறுத்து எறிந்தேனோ அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். துண்டுகளைக் கழுவிக் காய வைத்து, பசை போட்டு ஒட்டி, ஒட்டு தெரியாமல் கடையில் மிஞ்சிய கறுப்புத் துணியை இழுத்து மேலே போர்த்தியிருக்கிறேன். தடவிப் பார்த்தால்தான் தெரியும். தயவுசெய்து தடவாதீர்கள்.

ஆகவே பெட்டி நீங்கள் கொடுத்த வாகிலேயே இருக்கிறது. உங்கள் ஸ்கோரும் அப்படியே இருக்கிறது. இனி இது என் பொறுப்பில் ஒரு நாள் அதிகம் இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை வேனை மறக்க வேண்டாம். நடந்ததை என் மகளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். சொல்லித்தான் தீர வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள், அவளை ஒன்றும் நினைக்காதீர்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். பிள்ளைகள் இருவரும் எந்தக் குறையுமில்லாமல் பல்லாண்டு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அளவு தவறிய சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். "மாமாவுக்கு ஒரு லெட்டர் போடறேன், பெயிண்ட் காஞ்சுதா?" என்று கேட்டேன். "எந்தப் பெயிண்ட்டுப்பா? வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டது இங்கே கேட்டது. விடாமல் துருவினேன், கொட்டிவிட்டாள். கடையை மூடியதிலிருந்து நான் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரி அவளிடம் அழுதிருக்கிறாள், அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு நீங்கள், "அந்த டியூப் இன்னும் பத்து நாள்ல போயிடும். அங்க அனுப்பி வை. அவர் கையில ஒரு வேலை இருந்தா சரியாயிடுவாரு. கெட்டுப்போனா இன்னும் நல்லது" என்றீர்களாம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, சம்பந்தி. எத்தனை நாள் தூக்கம் போச்சு! அப்புறம் கணக்குப் பண்ணிப் பார்த்தேன், இந்த மூணு வாரத்துல நான் ஒரு நாள் கூடச் சும்மா நடக்கலை. கண்ணு கலங்கிடுச்சு, அதையும் சொல்லிடறேன்.

அதனால வேன் வேண்டாம். நீங்க மட்டும் சம்பந்தியம்மாவோட வாங்க. மேலே எழுதினதுல ஒண்ணு பொய், திருத்திடறேன்: உங்க மூணு எழுத்து இப்ப நாலாவது இடத்துல இருக்கு, மேலே மூணும் என் வீட்டுக்காரி. முட்டை டயர்ல பழகினதுல வட்ட டயர் அவளுக்குத் தூசு. வரும்போது அந்தக் கோட்டையும் எடுத்துட்டு வாங்க. உள்ளே ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி விட்டுத்தான் தெச்சிருக்கேன், பிரிச்சு விட்டாப் போதும். இந்தத் தடவை டேப்பை நானே பிடிக்கிறேன்; நீங்க மூச்சை மட்டும் உள்ளே இழுக்கக் கூடாது.